பாலே கம்பெனியும் அதன் ஆட்டக்காரர்களும்: காரைக்குடி நாட்டிய வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்கு வெளியூர் ஆட்டங்களைப் புரொஜெக்டரில் போட்டுக் காட்டுவது வழக்கம். கதக், கதகளி போட்டபோதெல்லாம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பாலே போட ஆரம்பித்ததும் பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த அப்பத்தா, ஐயா வரைக்கும் உட்கார்ந்துவிட்டார்கள். கேள்விக்கு மேல் கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை என்பதால் எழுதி வைத்துவிட்டேன்.

பாலே கம்பெனி என்றால் நம்ம ஊர் நாடகக் கம்பெனி மாதிரியா?

பாதி அப்படித்தான். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனியில் பையன்கள் சின்ன வயதிலேயே சேர்ந்து, கம்பெனி வீட்டிலேயே தங்கி, வாத்தியாரிடம் பாடம் கேட்டு, ராத்திரி மேடை ஏறுவார்கள். பெரிய பாலே கம்பெனிக்கும் அடியில் ஒரு பள்ளிக்கூடம் உண்டு. எட்டு, பத்து வயதில் பிள்ளைகளை எடுத்து, வருடா வருடம் வடிகட்டி, பதினெட்டு வயதுவாக்கில் சிலரை மட்டும் கம்பெனிக்குள் விடுவார்கள்.

மீதிப் பாதி வேறு. பாரிஸ் ஆப்பரா பாலேயில் (ஆப்பரா என்றால் பாட்டு நாடக அரங்கம்) ஆட்டக்காரர்கள் மட்டும் 150 பேருக்கு மேல். எல்லாருக்கும் மாதச் சம்பளம். சொந்த அரங்கம், வாத்தியக்குழு, தையல் பகுதி, விக் செய்பவர்கள், உடற்சிகிச்சை பார்ப்பவர்கள் என்று திரைக்குப் பின்னால் ஒரு கூட்டமே இருக்கிறது. தினமும் காலையில் எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று அடிப்படைப் பயிற்சி செய்தாக வேண்டும். பேர் பெற்ற நட்சத்திரமும் சரி, நேற்றுச் சேர்ந்த பெண்ணும் சரி, முதலில் செய்வது முழங்காலை மடக்கி எழுவதுதான். அரங்கேற்றம் முடிந்த மறுவாரம் முதல் பாடமான தட்டடவு போடச் சொன்னால் முகம் சுளிக்கிற என் மாணவிகளுக்காகவே இதை இரண்டு தடவை போட்டுக் காட்டினேன்.

பாரிசில் ஐந்து படிகள் உண்டு: காட்ரீல், கோரிஃபே, சூஜே, ப்ரமியே, உச்சியில் எத்துவால், அதாவது நட்சத்திரம். கீழ்ப்படிகளில் ஏற நெடுங்காலமாகத் தேர்வு வைத்துவந்தார்கள். கூட ஆடுகிறவர்களின் கண்முன்னே மேடையில் தனியாக ஆடிக்காட்ட வேண்டும். எத்துவாலுக்கு மட்டும் தேர்வு கிடையாது. நிர்வாகம் பார்த்து அறிவிப்பதுதான். பெரும்பாலும் ஆட்டம் முடிந்த கையோடு, கூட்டத்தின் முன்னால்.

இதை யார் ஆரம்பித்தது?

இத்தாலிய அரண்மனை விருந்துகளில் முளைத்து, பிரெஞ்சு அரண்மனையில் வளர்ந்தது. பதினான்காம் லூயி ராஜாவே ஆடினவர். 1661-இல் நாட்டியத்துக்கென்று அகாதெமி வைத்தார், 1669-இல் ஆப்பரா வந்தது, 1713-இல் பள்ளிக்கூடம். அரண்மனைக்காரர்கள் ஆடுவதை விட்டுப் பார்க்க உட்கார்ந்த பிறகுதான் அது தொழில் ஆனது.

அப்படியென்றால் பெரிய வீட்டுப் பிள்ளைகள்தான் ஆடினார்களா?

இல்லை. இதைக் கேட்டால் ஆச்சிகள் பலருக்கு ஆச்சரியம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1738-இல் பள்ளி தொடங்கியபோது முதலில் சேர்த்தது அரண்மனை வேலைக்காரர்களின் பிள்ளைகளை. மாஸ்கோவில் 1773-இல் ஓர் அநாதை இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்ததிலிருந்துதான் போல்ஷோய் பாலேயின் பள்ளி வந்தது. உலகம் முழுக்கச் சுற்றி ஆடிய அன்னா பாவ்லோவாவின் அம்மா துணி வெளுத்துப் பிழைத்தவர்.

பாரிசில் 19-ஆம் நூற்றாண்டில் ஆப்பரா பள்ளிப் பிள்ளைகளைக் ‘குட்டி எலிகள்’ என்பார்கள். ஏழை வீடுகளிலிருந்து வந்து, சொற்பக் கூலிக்கு நாள் முழுக்க உழைத்த சிறுமிகள். ஓவியர் தெகா செய்த பதினான்கு வயதுப் பெண்ணின் மெழுகுச் சிலையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். மோவாயைத் தூக்கி, கையைப் பின்னால் கோத்து நிற்பாள். அவள் பெயர் மரீ வான் கூத்தெம், அவள் அம்மாவும் துணி வெளுப்பவர். சிலை 1881-இல் காட்சிக்கு வந்தது. மறு வருடமே, ஒத்திகைக்குச் சரியாக வரவில்லை என்று அவளை ஆப்பராவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் என்ன ஆனாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. சிலைக்கு மட்டும் இன்று உலகத்து மியூசியங்களில் வெண்கல வார்ப்புகள் நிற்கின்றன.

இன்னொன்றும் உண்டு, பெரிய பிள்ளைகளுக்குத்தான் சொல்வேன். அந்த ஆப்பராவில் மேடைக்குப் பின்னால் கண்ணாடியும் தங்க வேலைப்பாடுமாக ஒரு கூடம் இருக்கிறது. ஆட்டக்காரிகள் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் இடம். வருட டிக்கெட் வாங்கிய பணக்கார ஆண்களுக்கு அங்கே வந்து போகும் உரிமை இருந்தது. எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. தெகாவின் படங்களில் ஓரமாகக் கறுப்புக் கோட்டும் உயர்ந்த தொப்பியுமாக ஓர் ஆள் நிற்பான், கவனித்துப் பாருங்கள். அந்த வழக்கத்துக்கு 1930-களில்தான் முடிவு வந்தது.

ஆடி முடித்த பிறகு அவர்கள் கதி என்ன? வயதானால் யார் பார்ப்பார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். பெரும்பாலும் ஐயாக்கள்தான் கேட்கிறார்கள், கணக்குப்பிள்ளை புத்தி.

பாரிசில் 42 வயதில் ஓய்வு, ஓய்வூதியத்தோடு. அந்த ஓய்வூதிய ஏற்பாடு 1698-இல், லூயி ராஜா காலத்திலேயே தொடங்கியது. 2019 டிசம்பரில் பிரான்ஸ் அரசு எல்லாருடைய ஓய்வூதியத்தையும் ஒரே முறைக்குள் கொண்டுவரப் பார்த்தது. ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், குளிரில், ஆப்பராவின் வாசற்படிக்கு வந்து வெள்ளை உடையில் ‘அன்ன ஏரி’ பாலேயிலிருந்து ஒரு பகுதியை ஆடினார்கள். வாத்தியக்காரர்களும் கூட உட்கார்ந்து வாசித்தார்கள்.

இதில் நான் பிள்ளைகளுக்கு நிறுத்திச் சொல்வது ஒன்றைத்தான். அரசு ஒரு சமாதானம் சொன்னது: இப்போது இருக்கும் உங்களுக்கு ஒன்றும் மாறாது, 2022-க்குப் பிறகு சேர்கிறவர்களுக்கு மட்டும்தான் புது விதி என்று. நம்மில் எத்தனை பேர் அதற்குச் சரி என்று கையெழுத்துப் போட்டிருப்போம்? அவர்கள் மாட்டோம் என்றார்கள். எங்களுக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளை விட்டுக்கொடுத்து எங்கள் பங்கைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது என்றார்கள். பிறகு கொரோனா வந்து அந்தச் சட்டமே கிடப்பில் போயிற்று.

எல்லாக் கம்பெனியும் இப்படி இல்லை. அமெரிக்காவில் பலருக்கு வருடம் முழுக்கச் சம்பளம் கிடையாது, ஆடும் வாரங்களுக்குத்தான். சிறிய கம்பெனிகளில் காலையில் ஆட்டம், சாயங்காலம் காபிக் கடை வேலை.

பாரிஸ் கதை நம்ம கோயில் ஆட்டக்காரிகள் கதை மாதிரியே இருக்கிறதே?

தொடக்கம் ஒன்று போலத்தான் இருக்கிறது. முடிவு வேறு.

நம் பக்கத்தில் கல்யாணம், கோயில் திருவிழா என்றால் பெரிய மேளமும் உண்டு, சின்ன மேளமும் உண்டு. பெரிய மேளம் நாகஸ்வரம், தவில். சின்ன மேளம் சதிர், அதாவது இன்றைய பரதநாட்டியத்துக்கு மூலமான கோயில் ஆட்டக்காரிகளின் ஆட்டம். நகரத்தார் வீட்டுக் கல்யாணங்களில் இரண்டுக்கும் பணம் கொடுத்து ஆதரித்தவர்கள் நம் செட்டிநாட்டுக்காரர்கள். பெரிய மேளம் இன்றைக்கும் வாசலில் உட்காருகிறது. சின்ன மேளம் இல்லை.

சிறுமிகளைச் சாமிக்கென்று தாலி கட்டிக் கோயிலுக்கு விடுவதுதான் பொட்டுக்கட்டுவது. அந்த வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டவர்களில் முதல் பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இங்கே பக்கத்தில் புதுக்கோட்டையில் பிறந்தவர், அவர் தாயார் சந்திரம்மாள் அந்த மரபிலிருந்து வந்தவர். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் உள்ளேயிருந்து அனுபவித்துப் போராடியவர். 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வேண்டாத சட்டம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. ஏழு வயதுப் பெண்ணுக்குப் பொட்டுக் கட்டுவதை நிறுத்தத்தான் வேண்டும்.

ஆனால் பாரிசில் என்ன செய்தார்கள்? கறுப்புக் கோட்டு ஆளை வெளியே அனுப்பினார்கள்; ஆட்டக்காரியைச் சம்பளத்தோடு உள்ளே வைத்துக்கொண்டார்கள். இங்கே இருவரையும் சேர்த்து வெளியே அனுப்பிவிட்டு, ஆட்டத்தை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டோம். கோயில் சேவைக்கு விட்டிருந்த மானிய நிலத்தைச் சேவைக் கடமையிலிருந்து விடுவிக்க 1929-இலேயே சட்டத்திருத்தம் வந்தது. நிலம் கைக்கு வந்த குடும்பங்களும் உண்டு. தெரிந்த தொழிலை மதிப்போடு செய்து பிழைக்க ஒரு மேடையை யாரும் கொடுக்கவில்லை. அதே வருடங்களில் அதே அடவுகள் சபா மேடையில் வேறு வீட்டுப் பெண்களின் கால்களில் ஏறின. என் வகுப்பு நடப்பதும் அந்த வழியில் வந்த பாடத்தை வைத்துத்தான், மறைக்க ஒன்றுமில்லை.

விராலிமலை நமக்கு எட்டாத தூரமில்லை. அங்கே முருகன் கோயிலில் ஏழு வயதில் பொட்டுக் கட்டப்பட்ட முத்துக்கண்ணம்மாள், தந்தையிடம் சதிர் கற்றவர், தினமும் மலைப்படி ஏறி ஆடிப் பாடியவர். 2022-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எண்பது வயதைத் தாண்டிய பிறகு வந்த விருது. அவர் உட்கார்ந்தபடியே கையை மட்டும் அசைத்து அபிநயம் பிடிக்கும் வீடியோவையும் பாலேக்குப் பக்கத்திலேயே போட்டுக் காட்டுகிறேன். கண் எங்கே போகிறது, பாட்டுக்கு வாய் எப்படித் திறக்கிறது என்று பாருங்கள். ஆடிக்கொண்டே தானே பாடுவது அந்த மரபு. என் மாணவிகள் யாருக்கும் அது வராது, எனக்கும் வராது.

பாலேக்காரர்கள் நம் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார்களா?

ரொம்ப முன்னாலேயே. 1838-இல் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஐந்து ஆட்டக்காரிகளும் மூன்று வாத்தியக்காரர்களும் கப்பல் ஏறி பாரிஸ் போனார்கள். பிரெஞ்சு வியாபாரி ஒருவர் ஒப்பந்தம் பேசிக் கூட்டிப்போனார். ராஜா முன்னிலையில் ஆடினார்கள், அரங்கத்தில் டிக்கெட் வைத்து ஆடினார்கள், அப்புறம் லண்டனுக்கும் போனார்கள். அந்தக் குழுவில் அம்மணி என்ற பெண்ணைப் பார்த்து பாரிஸ் எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே பக்கம் பக்கமாக எழுதினார். சிற்பி ஒருவர் அவள் ஆடும் கோலத்தை வெண்கலத்தில் வடித்தார். அதே கோத்தியேதான் மூன்று வருடம் கழித்து ‘ஜிசெல்’ பாலேயின் கதையை எழுதியவர்களில் ஒருவர். 1858-இல் சகுந்தலை கதையையும் பாலேயாக எழுதிக்கொடுத்தார். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறிய கதைகளை நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறோம். இந்த எட்டுப் பேர் கப்பலேறிய கதையைப் பள்ளிப் புத்தகத்தில்கூட நான் பார்த்ததில்லை.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. பாவ்லோவா இந்தியாவுக்கு வந்தார், ஆடினார். நம் நாட்டு ஆட்டக்காரர் உதய் சங்கரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு 1923-இல் லண்டனில் ‘ராதா கிருஷ்ணா’ ஆடினார். சில வருடம் கழித்து ருக்மிணி தேவி அருண்டேல் ஆஸ்திரேலியா போகும்போது பாவ்லோவாவும் அதே கப்பலில் போனார். ருக்மிணி தேவி முதலில் கற்றது பாலேதான். பாவ்லோவா குழுவிலிருந்த கிளியோ நோர்டி சொல்லிக்கொடுத்தார். உன் நாட்டுக் கலையைத் தேடு என்று பாவ்லோவா சொல்லித்தான் அவர் சதிர் பக்கம் திரும்பினார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று 1935-இல் அடையாற்றில் மேடை ஏறினார். மறு வருடம் கலாக்ஷேத்ரா. அங்கே உருவான நாட்டிய நாடகங்களில் கூட்டமாக வரிசை பிடித்து நிற்பது, மேடையை வெளிச்சத்தால் பிரிப்பது எல்லாவற்றிலும் பாலே பார்த்த கண் தெரியும். அப்படியிருக்க, பாலே நமக்குச் சம்பந்தமில்லாத வெள்ளைக்காரன் ஆட்டம் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள் என்பேன்.

நம்ம ஊர்ப் பங்கும் ஒன்று இருக்கிறது. ஏவி.எம். ஸ்டூடியோ சென்னைக்குப் போகும் முன் இங்கே தேவகோட்டை ரஸ்தாவில்தான் இருந்தது. 1947-இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்த படம். அதில் வழுவூர் ராமையா பிள்ளையின் மாணவி குமாரி கமலா பாரதியார் பாட்டுக்கு ஆடினார். அதைப் பார்த்துவிட்டுத்தான் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் பெண்ணை நாட்டியத்துக்கு அனுப்பலாம் என்று அப்பாக்கள் இறங்கிவந்தார்கள்.

கோயில் ஆட்டக்காரி கதை என்று போன மாதம் ஒன்று போட்டீர்களே, அதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டதே?

எனக்கும் வந்தது. ‘லா பயதேர்’, 1877-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மாரியஸ் பெத்திபா அமைத்தது. நாயகி நிக்கியா நம் நாட்டுக் கோயில் ஆட்டக்காரியாம். வயிறு தெரியும் சட்டை, அரபுக் கதையில் வரும் தொளதொளப்பு, பூக்கூடையில் ஒளித்துவைத்த பாம்பு கடித்துச் சாகிறாள். எந்தக் கோயில், எந்த ஊர், எந்தச் சாமி என்று கேட்கக் கூடாது. பெத்திபா இந்தியாவைக் கண்ணால் பார்த்தவரில்லை. இன்றைக்கு இந்த வேஷங்களை அப்படியே போடலாமா என்று மேல்நாட்டுக் கம்பெனிகளே சண்டை போட்டுக்கொள்கின்றன.

ஆனால் மூன்றாம் அங்கத்துக்கு முன்னால் எழுந்து போனவர்கள் திரும்ப வந்து பாருங்கள். இருட்டிலிருந்து ஒருத்தி சரிவான பலகை மேல் வருகிறாள். ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைப் பின்னால் நீட்டி, முன்னால் குனிந்து, பிறகு பின்னால் சாய்ந்து நிமிர்கிறாள், இரண்டடி வைக்கிறாள். அவளுக்குப் பின்னால் அதே அசைவோடு இன்னொருத்தி. பிறகு இன்னொருத்தி. பழைய கணக்குக்கு 32 பேர், சில கம்பெனிகளில் 24. முதலில் வருகிறவள் அந்த ஒரே அசைவை முப்பது தடவைக்கு மேல் செய்தாக வேண்டும்; ஒருத்தி முழங்கால் நடுங்கினாலும் வரிசை முழுதும் தெரிந்துவிடும். கதாநாயகியை விட்டுவிட்டு, பேர் தெரியாத அந்த 32 பேரை நம்பிக் கட்டிய காட்சி. ஒரு கம்பெனி நல்ல கம்பெனியா என்று தெரிய வேண்டுமானால் நட்சத்திரத்தைப் பார்த்துப் பயனில்லை, இந்த வரிசையைத்தான் பார்க்க வேண்டும்.

கட்டைவிரல் நுனியில் நிற்கிறார்களே, செருப்புக்குள் இரும்பு வைத்திருக்கிறார்களா?

இரும்பும் இல்லை, மரமும் இல்லை. சாக்குத்துணி, காகிதம், பசை: அடுக்கடுக்காக ஒட்டி, சூட்டில் காயவைத்து, மேலே சாட்டின் போர்த்திய கூடு. உள்ளங்காலுக்கு அடியில் விறைப்பான ஒரு பட்டை. லண்டனில் ஃப்ரீட் என்ற நிறுவனத்தில் இன்றும் கையால்தான் செய்கிறார்கள். செய்கிற ஒவ்வொருவரும் அடியில் தன் முத்திரையைக் குத்துவார். ஆட்டக்காரி தன் காலுக்கு ஒத்துவரும் கையைக் கண்டுபிடித்துவிட்டால் வாழ்நாள் முழுக்க அவர் செய்ததைத்தான் கேட்பாள். அந்த ஆள் வேலையிலிருந்து நின்றுவிட்டார் என்றால் இவளுக்குத் தூக்கம் வராது.

வாங்கி வந்த ஷூவை அப்படியே போட மாட்டார்கள். ரிப்பனும் எலாஸ்டிக்கும் அவரவர் கையால் தைத்துக்கொள்வார்கள். கதவிடுக்கில் வைத்து நசுக்குவார்கள், சுவரில் அடிப்பார்கள், அடிப்பட்டையை வளைத்து ஒடிப்பார்கள், நுனியைக் கத்தியால் கீறுவார்கள், குங்கிலியப் பொடியில் மிதித்துக்கொண்டு மேடை ஏறுவார்கள். இவ்வளவு பாடுபடுத்திய ஷூ ஒரே ராத்திரியில் தொய்ந்துவிடும். முழுநீள பாலேயில் நாயகிக்கு ஒரு ஜோடி போதாமல் போவதும் சாதாரணம். சலங்கையைப் பூஜையில் வைத்துப் பேத்திக்குக் கொடுக்கிற நமக்கு இது மனசுக்கு ஒப்பாதுதான்.

எல்லாரும் வெள்ளையாகவே இருக்கிறார்களே, கறுப்பாக இருந்தால் சேர்க்க மாட்டார்களா?

நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. நியூயார்க் சிட்டி பாலேயில் 1955-இல் சேர்ந்து, அங்கே முதன்மை ஆட்டக்காரராக உயர்ந்த முதல் கறுப்பினத்தவர் ஆர்தர் மிட்செல். 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதும், தான் பிறந்து வளர்ந்த ஹார்லெமுக்குத் திரும்பி, மறு வருடம் கேரல் ஷுக்கோடு சேர்ந்து டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் தொடங்கினார். தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்களை வைத்தே உலகம் சுற்றிய கம்பெனி. பணக் கஷ்டத்தில் 2004-இல் ஆட்டத்தை நிறுத்தியது; பள்ளி ஓடிக்கொண்டே இருந்தது; 2012-இல் கம்பெனி திரும்ப எழுந்தது.

அவர்கள் செய்த ஒரு சின்ன வேலை பெரிய வேலை. பாலேயில் காலுறையும் ஷூவும் இளஞ்சிவப்பு, ஏனென்றால் அது ‘தோல் நிறம்’. யார் தோல்? ஹார்லெமில் ஒவ்வொருத்தியும் காலுறையையும் ஷூவையும் தன் நிறத்துக்குச் சாயம் தோய்த்துக்கொண்டாள். கடையில் பழுப்பு நிறத்தில் பாயின்ட் ஷூ, அதாவது நுனிக்கால் ஷூ, வாங்க லண்டனில் 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் முகப் பவுடரைக் குழைத்து ஷூவில் தடவிக்கொள்வார்கள். கறுப்பினத்தைச் சேர்ந்த மிஸ்டி கோப்லண்ட் அமெரிக்கன் பாலே தியேட்டரில் முதன்மை ஆட்டக்காரி ஆனது 2015-இல்.

நாம் சிரிக்க வேண்டாம். அரங்கேற்றத்தன்று மேக்கப்காரரிடம் “கொஞ்சம் கலரா தெரியட்டும்” என்று காதோரம் சொல்கிற அம்மாக்கள் எனக்குத் தெரியும்.

இவ்வளவு பேருக்கும் யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

நாட்டுக்கு நாடு வேறு. பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யாவில் பெரும்பகுதி அரசுப் பணம். கியூபாவில் 1959 புரட்சி முடிந்ததும் ஃபிடல் காஸ்ட்ரோ, பார்வை மங்கிய நிலையிலும் ஆடிக்கொண்டிருந்த அலிசியா அலோன்சோவின் கம்பெனிக்கு 2,00,000 டாலர் ஒதுக்கினார். இங்கிலாந்தில் கொஞ்சம் அரசுப் பணம், மீதி டிக்கெட்டும் நன்கொடையும். நினெட் டி வாலுவா 1931-இல் தொடங்கிய சின்னக் குழுதான் 1956-இல் அரச சாசனம் பெற்று ராயல் பாலே ஆனது.

அமெரிக்காவில் பெரும்பாலும் தனியார் நன்கொடை. பாஸ்டன் துணிக்கடைப் பங்காளி ஒருவரின் மகன் லிங்கன் கர்ஸ்டைன், பாலே அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சினை வரவழைத்து 1934-இல் முதலில் பள்ளி வைத்தார், 1948-இல்தான் நியூயார்க் சிட்டி பாலே. முதலில் பள்ளி என்று கேட்டது பாலன்சின். டிசம்பர் மாதம் ‘நட்கிராக்கர்’ என்ற கிறிஸ்துமஸ் பாலே ஓடும் டிக்கெட் பணத்தில்தான் அமெரிக்காவில் பல கம்பெனிகளின் மீதி வருடம் நகர்கிறது.

நம்மூரில் கோயில் காரியத்துக்குப் புள்ளி வரி போடுகிறோம் இல்லையா, கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி என்று? பெரிய மனிதர் ஒருவர் லட்சம் கொடுத்தாலும் புள்ளிக்கு உரியதைக் கொடுத்தவருக்கும் கோயிலில் அதே உரிமை. ஒரு கம்பெனி ஐம்பது, நூறு வருடம் நிற்க அந்த மாதிரி ஏற்பாடு வேண்டும். ஒரே ஆளை நம்பிய கம்பெனிகள் அவரோடு போயின. ரஷ்ய ஏற்பாட்டாளர் தியாகிலேவ் 1909-இல் தொடங்கிய பாலே ரூஸ் எவ்வளவு பெரிய பேர்! 1929-இல் அவர் இறந்ததும் கலைந்துவிட்டது.

எங்கள் வீட்டுக் கூடத்தில், ஆத்தங்குடிக் கல் தரையில் பாலே பழகலாமா?

கூடாது. ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் வார்த்த சிமென்ட். நாள்பட நாள்பட வழவழப்பு ஏறும், துளிகூட அமிழாது. பாலே குதிப்புக்கு அடியில் இடைவெளி விட்டுப் பலகை அடித்த, மிதித்தால் சற்று இறங்கி எழும் மரத்தளம் வேண்டும். மேலே வழுக்காத விரிப்பு. கல் தரையில் குதித்தால் முன்னங்கால் எலும்பும் கணுக்காலும்தான் பதில் சொல்லும்.

சொல்லப்போனால் பரதமும் அங்கே பழகக் கூடாது. அரைமண்டியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் தட்டுவது பாலேயைவிடக் கொடுமை. என் வகுப்பில் பலகை போட்டிருக்கிறேன். வீட்டில் தட்டிப் பழக வேண்டுமானால் பர்மாத் தேக்குப் பலகை போட்ட மாடித்தளம் இருக்கும் வீட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஆம்பிளைப் பிள்ளை ஆடலாமா?

ஆடலாம். கார்லோஸ் அகோஸ்டாவின் அப்பா ஹவானாவில் லாரி ஓட்டியவர், வீட்டில் பதினோரு பிள்ளைகள். தெருவில் சுற்றிக் கெட்டுப்போகாமல் இருக்கட்டும், மத்தியானச் சாப்பாடும் கிடைக்கும் என்று மகனைப் பாலே பள்ளியில் போட்டார். அந்த மகன் ராயல் பாலேயின் முதன்மை ஆட்டக்காரர் ஆனார்.

ஒல்லியாக இருந்தால்தான் எடுப்பார்களா? பட்டினி போடுவார்களாமே?

உடல்வாகு பார்த்துத்தான் எடுக்கிறார்கள், மழுப்ப ஒன்றுமில்லை. இடுப்பிலிருந்து கால் வெளிப்பக்கம் திரும்புகிறதா, பாதம் வளைகிறதா என்று பார்ப்பது தொழிலுக்கு வேண்டியது. அதைத் தாண்டி எடைக்காகக் குழந்தைகளை வதைத்த கதைகளும் உண்மை. வியன்னா அரசு ஆப்பராவின் பாலே பள்ளியில் 2019-இல் விசாரணைக் குழு அமைக்க வேண்டி வந்தது. பிள்ளைகளின் உடல்நலத்தைப் பள்ளி போதுமான அளவு கவனிக்கவில்லை என்று அந்தக் குழு சொன்னது. எந்த ஆட்டத்துக்கு அனுப்பினாலும், சாப்பாட்டைப் பற்றி வாத்தியார் என்ன பேசுகிறார் என்று பிள்ளையிடம் கேளுங்கள். என்னைப் பற்றியும் கேளுங்கள்.

யுத்தம் நடக்கிற ஊர்களில் இதெல்லாம் நின்றுவிட்டதா?

கீவ் நகரத்து ஆப்பரா அரங்கம் 2022-இல் சில மாதம் மூடியிருந்து திரும்பத் திறந்தது. பதுங்குமிடத்தில் எத்தனை பேர் அடங்குவார்களோ அத்தனை டிக்கெட்தான். அதே வருடம் போல்ஷோயின் நட்சத்திரம் ஓல்கா ஸ்மிர்னோவா, போரை எதிர்த்துப் பேசிவிட்டு ரஷ்யாவை விட்டு ஆம்ஸ்டர்டாம் கம்பெனிக்குப் போய்விட்டார்.

என் பேத்தி பாலேதான் வேண்டும் என்கிறாள். இங்கிருந்து முடியுமா?

முறையான வகுப்புக்குச் சென்னை, பெங்களூர், மும்பை என்றுதான் போக வேண்டும். முடியாத காரியம் இல்லை. மும்பையில் வெல்டிங் வேலை செய்பவரின் மகன் அமிருத்தீன் ஷா, அங்கே பாடம் சொல்லிக்கொடுத்த யெஹூதா மாவோர் கண்ணில் பட்டு, லண்டன் ராயல் பாலே பள்ளி வரை போனார். டெல்லியில் மின்ரிக்‌ஷா ஓட்டுநரின் மகன் கமல் சிங்குக்கு 2020-இல் லண்டனில் இடம் கிடைத்து, ஊர் கூடிப் பணம் சேர்த்து அனுப்பியது.

எட்டு வயதென்றால் அவசரமில்லை. நுனிக்கால் ஷூவைப் பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு முன், அடிப்படைப் பயிற்சி சில வருடம் ஆகாமல் போடவிடாதீர்கள் ஆச்சி. ஆன்லைனில் அளவு கொடுத்தால் அனுப்பிவிடுகிறார்கள், பிறந்தநாளுக்கு வாங்கிக்கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். எலும்பு முற்றாத காலுக்கு அது ஆபத்து. அதுவரை இங்கே வந்து தாளமும் அரைமண்டியும் பழகட்டும். இடுப்பு திறந்திருந்தால் பின்னால் எந்த ஆட்டத்துக்குப் போனாலும் கைகொடுக்கும்.

வீட்டில் பார்க்க எதிலிருந்து தொடங்கலாம்?

‘நட்கிராக்கர்’ வேண்டாம், அது கேக் மாதிரி திகட்டும். ‘ஜிசெல்’ இரண்டாம் அங்கம் பாருங்கள், முக்கால் மணி நேரம் போல வரும். ஏமாற்றப்பட்டுச் செத்த பெண்கள் ராத்திரியில் எழுந்து வந்து ஆண்களை ஆடவைத்தே கொல்லும் கதை, நம் ஊர் நீலி கதை கேட்டவர்களுக்கு உரை வேண்டாம். அதைவிட நல்லது, உலக பாலே நாள் என்று 2014 முதல் வருடத்தில் ஒரு நாள் பெரிய கம்பெனிகள் தங்கள் காலை வகுப்பையும் ஒத்திகையையும் யூடியூபில் காசில்லாமல் காட்டுகின்றன. வேஷம் இருக்காது, கிழிந்த காலுறையும் பழைய பனியனும்தான். ஆட்டக்காரர்களை விட்டு ஓரத்தில் பியானோ வாசிப்பவரைக் கவனியுங்கள்: வாத்தியார் வாயால் கணக்கைச் சொன்ன அடுத்த நொடி அவர் கை மெட்டைப் பிடித்திருக்கும்.